கழித்தலும் காத்தலும்

நம் வீடுகளில் புத்தகங்களுக்கென்று ஆண்டில் இரண்டு நாட்கள் உண்டு. ஒன்று சரசுவதி பூசை. அன்று அவற்றை அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டி, அடுக்கி வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். அன்று ஒரு நாள் புத்தகத்தைத் தொட்டுப் படிக்கக் கூடாது என்பதில் சிறுவர்களுக்கு அளவற்ற மகிழ்ச்சி. மற்றொன்று போகி. வேண்டாதவை என்று நாம் முடிவு கட்டிய ஏடுகளெல்லாம் கிழிந்த பாயோடும் தேய்ந்த துடைப்பத்தோடும் அன்று வாசலுக்கு வந்துவிடுகின்றன. ஒரு நாள் வணங்குகிறோம். ஒரு நாள் எரிக்கிறோம். எது காக்கத் தக்கது, எது கழிக்கத் தக்கது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பதற்கு மட்டும் நம் நாட்காட்டியில் ஒரு நாள் இல்லை.

இந்தக் குறையைப் பற்றி நண்பர்களோடு சிறிது பேச விரும்புகிறேன். வீட்டை ஒழுங்கு செய்வதைப் பற்றி எழுத மாணவன் ஒருவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். விடுதியில் என் அறையைப் பார்த்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான்: இந்தக் காரியத்தை நான் ஒருமுறை மிகவும் தவறாகச் செய்திருக்கிறேன்.

என் தந்தையார் தில்லியில் அரசுப் பணியில் இருந்தவர். இரண்டு அறை கொண்ட அரசுக் குடியிருப்பிலேயே நான் வளர்ந்தேன். அவர் ஓய்வு பெற்றதும், குறித்த காலத்துக்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு தஞ்சைப் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. முப்பது ஆண்டு வாழ்ந்த குடும்பத்தில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? பரணில் பாத்திரம், கட்டிலுக்கடியில் பெட்டி, கதவுக்குப் பின்னால் மூட்டை, எங்கு பார்த்தாலும் புத்தகம். “புத்தகத்தையெல்லாம் நீ பார்த்துக்கொள்” என்றார் தந்தையார். நான் ஒரே பிற்பகலில் பார்த்து முடித்தேன். அட்டை கிழிந்தவை, தாள் மஞ்சளித்தவை, பெயர் தெரியாதவை எல்லாவற்றையும் கூடத்தில் குவித்தேன். தெருவில் கூவிக்கொண்டு போன கபாடிவாலாவை அழைத்தேன். நிறுத்துப் பார்த்ததில் 54 கிலோ. கிலோ 12 ரூபாய் வீதம் 648 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அலமாரி வெறுமையாக நின்றது. ஏதோ பெரிய வெற்றி பெற்றவனைப் போல அதன் முன் நின்று பார்த்தேன்.

இரவு அம்மா கேட்டார்கள்: “தம்பி, அந்தப் பச்சை அட்டைப் புத்தகம் மூணும் எந்தப் பெட்டியிலே வச்சே?”

அவை கடையில் விற்ற புத்தகங்கள் அல்ல. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை என் பாட்டி 1960-களில் வாரந்தோறும் கிழித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டு செய்து வைத்தவை. அந்த நாளில் பல வீடுகளில் பெண்கள் செய்து வந்த வேலை இது. பக்கங்களின் ஓரத்தில் பாட்டியின் கையெழுத்து உண்டு. ஓரிடத்தில் பால் கணக்கு, ஓரிடத்தில் யாருக்கோ குழந்தை பிறந்த நாள், ஓரிடத்தில் கதாநாயகியைக் கண்டித்து இரண்டு வரி. அம்மா கல்யாணமாகித் தில்லிக்கு வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு வந்த பொருள்கள் சிலவே. அவற்றுள் இவை மூன்றும் அடக்கம். இதெல்லாம் எனக்கு அன்றிரவுதான் தெரியும்.

மறுநாள் விடியற்காலையில் கபாடிவாலாவின் கொட்டகைக்கு ஓடினேன். அந்தத் தொழிலில் தாளுக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை. ஆகவே அட்டைகளை முதலிலேயே பிய்த்துவிடுகிறார்கள். பச்சை அட்டையைத் தேடிப் பயனில்லை. தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பாட்டியின் கையெழுத்தைத் தேடினேன். ஒரு தொகுதி கிடைத்தது. மற்ற இரண்டும் முதல் வண்டியிலேயே போய்விட்டன. அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொடுத்த காசை வாங்க மறுத்துவிட்டார்.

அம்மா கோபிக்கவில்லை. “போனாப் போவுது தம்பி, ஊருக்குக் கொண்டு போனாலும் எங்கே வைக்கப் போறோம்?” என்றார்கள். அதில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஊருக்குப் போய்ப் பெட்டிகளைப் பிரித்தபோது, என் பழைய நுழைவுத் தேர்வு வழிகாட்டிகள் ஏழும் கீறல் படாமல் வந்து சேர்ந்திருந்தன.

யாருக்கு வேண்டாதது?

வீட்டில் இடத்தை அடைக்கும் பொருள்களைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஐயம் இல்லை. நகரங்களில் வீடுகள் சிறுத்துவிட்டன. பழைய பொருள்கள் மனிதர் உலவும் இடத்தைப் பிடித்துக்கொண்டால், வீடு கிடங்காகிவிடும். ஆகவேதான் பொருள்களைக் கழிக்கும் முறைகளைப் பற்றி உலகெங்கும் இன்று ஆர்வம் மிகுந்திருக்கிறது. ஜப்பானியப் பெண்மணி மரியே கோண்டோ எழுதிய நூல் 2014-இல் ஆங்கிலத்தில் வந்து பல நாடுகளில் பரவியது. புத்தகங்களை ஒன்றுவிடாமல் தரையில் இறக்கி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அது உள்ளத்துக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று பார்த்து, தருவதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் அவர். ஒவ்வொன்றாகக் கையில் எடுக்க வேண்டும் என்பது மிக நல்ல அறிவுரை. நான் அதையும் செய்யவில்லை. கை நிறைய அள்ளினேன்.

ஆனால் ‘எனக்கு மகிழ்ச்சி தருகிறதா?’ என்ற கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வீட்டில் ‘நான்’ என்று சொல்பவர் ஒருவர் அல்லர். எனக்குக் குப்பையாகத் தெரிந்தது என் தாயாருக்குப் பிறந்த வீடு. கோண்டோவே, தாம் சிறுவயதில் குடும்பத்தாரின் பொருள்களை அவர்கள் அறியாமல் எறிந்து வருந்தியதைக் கூறி, பிறர் பொருளைத் தொடாதே என்று எச்சரித்திருக்கிறார். அந்தப் பக்கம் வரையில் நான் படிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் வெளியேறுபவை யாருடைய பொருள்கள்? பெரும்பாலும் பெண்களுடையவையும் முதியவர்களுடையவையும் ஆகும். தந்தையாரின் அலுவலகக் கோப்புகளை நான் தொடத் துணியவில்லை. என் சான்றிதழ்களைத் தனிப் பெட்டியில் வைத்தேன். பாட்டியின் கையெழுத்தை மட்டும் கேளாமல் எடைக்குப் போட்டேன். இதை மறதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எது முக்கியம் என்பதில் என்னையறியாமலே எனக்குள் ஒரு வரிசை இருந்திருக்கிறது.

ஆற்றில் விட்ட ஏடுகள்

இவ்வாறு இழந்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன். ஒரு மொழியே இப்படி இழந்திருக்கிறது. பழைய ஏட்டுச் சுவடிகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் நம் நாட்டில் இருந்ததை நாம் அறிவோம். சிந்தாமணியை 1887-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவர். ஒரு கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொல்லக் கேட்டு அவர் மனம் நொந்த செய்தியைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்து மக்களை அறிவற்றவர்கள் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு முறை இருந்தது. பனையோலை என்றைக்கும் அழியாத பொருள் அன்று. பூச்சியும் ஈரமும் அதைத் தின்றுவிடும். ஆகவே ஏடு பழுதாகும் நிலையில் புதிய ஓலையில் படியெடுப்பார்கள். படியெடுத்து முடித்தபின், பழைய ஏட்டைக் குப்பையில் எறிய மனமின்றி, மரியாதையோடு ஆற்றில் விடுவார்கள். முதலில் படியெடுத்தல், பிறகு கழித்தல் என இரண்டு பாகம் கொண்ட ஒரே செயல் அது. காலம் மாறியது. ஏட்டில் எழுதும் பழக்கம் குறைந்தது, படியெடுப்பவர்கள் மறைந்தார்கள். முதற்பாகம் நின்றுவிட்டது; இரண்டாம் பாகம் மட்டும் சடங்காக நடந்துகொண்டிருந்தது. நாம் இழந்தவை அந்த இடைவெளியில்தான் போயின என்பது என் எண்ணம்.

இன்று நம் கையிலுள்ள தாள் பனையோலையைவிட உறுதியானது என்று நினைக்க வேண்டாம். மரக்கூழால் செய்த மலிவுத் தாளில் அமிலம் மிகுதி. அதனால்தான் பழைய வார இதழ்கள் மஞ்சளித்து, மடித்த இடத்தில் ஒடிகின்றன. நன்றாகப் பேணிய ஓலை சில நூற்றாண்டுகள் நிற்கும். என் பாட்டியின் பைண்டுத் தொகுதி அறுபது ஆண்டுகளில் விரல் பட்டாலே நொறுங்குகிறது. ஆனால் படியெடுப்பது நம் முன்னோருக்கு இருந்ததுபோல் இன்று கடினமான வேலை அன்று. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் படம் பிடிக்கும் கருவி இருக்கிறது. இருந்தும் எத்தனை பேர் வீட்டில் பாட்டியின் சமையல் குறிப்பையும், தாத்தாவின் கணக்கேட்டையும், ஊர்க்கோயில் திருவிழா அழைப்பையும் படம் பிடித்து வைத்திருக்கிறோம்?

மூன்றாம் விதி

தில்லியில் படிக்கும் நமக்கு இந்தப் பொருளில் வழிகாட்ட ஒருவர் இருக்கிறார். 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராகத் தொடங்கி, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் நம் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதனையே சொல்கிறேன். நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் அவர் நூலாக வெளியிட்டார். அவற்றுள் மூன்றாவதன் கருத்து, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பது.

பெரிய நூலகங்களுக்காக எழுதப்பட்ட விதிதான். ஆனால் கட்டிலுக்கடியில் பெட்டி வைத்திருக்கும் நமக்கும் அது பொருந்தும். ‘இது எனக்கு வேண்டுமா?’ என்பதோடு நில்லாமல், ‘இதற்கு உரியவர் யார்?’ என்று கேட்கத் தொடங்கினால் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. வேண்டாத புத்தகத்தைத் தூக்கி எறியும் வேலை, அதை உரியவரிடம் சேர்க்கும் வேலையாக ஆகிறது. வீட்டில் இடமும் கிடைக்கிறது, புத்தகமும் வீணாவதில்லை.

இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தால் புத்தகங்கள் நான்கு குவியலாகப் பிரியும். முதலாவது, நாம் இன்னும் படிப்பவையும் மீண்டும் படிக்கப் போகின்றவையும். அவை வீட்டில் இருக்கட்டும். இரண்டாவது, நமக்குப் பயன் முடிந்து பிறருக்குப் பயன்படக் கூடியவை; இளைய மாணவருக்கோ, ஊர் நூலகத்துக்கோ, பழைய புத்தகக் கடைக்கோ போகட்டும். தரியாகஞ்சில் ஞாயிறுதோறும் நடைபாதையில் விரிந்து, 2019-இல் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறிய பழைய புத்தகச் சந்தையில் நம்மில் எத்தனை பேர் பாடநூல் வாங்கியிருக்கிறோம்! யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் விட்டதால்தான் அவை நமக்குக் கிடைத்தன. மூன்றாவது, வேறெங்கும் கிடைக்காதவை: கையெழுத்துக் குறிப்புகள், பைண்டு செய்த இதழ்கள், சிற்றூரில் அச்சான சிறு நூல்கள், பழைய நாடக நோட்டீசுகள். இவற்றை முதலில் படியெடுக்க வேண்டும். பிறகே மற்றதைப் பேச வேண்டும். நான்காவது, காலம் கடந்த தேர்வு வழிகாட்டிகள், ஒன்றுக்கு மேற்பட்ட படிகள், மின்நிலையக் கட்டண அறிவிப்புகள். இவை மனவருத்தம் எதுவுமின்றிக் கபாடிவாலாவிடம் போகலாம். பழந்தாளைக் கூழாக்கி மீண்டும் தாளாக்கும் தொழிலில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் நம் பகைவர் அல்லர்.

இதற்கு இரண்டு கட்டுப்பாடுகளை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பிரிக்கும் நாளும் எடைபோடும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு வாரமாவது வேண்டும். அந்த வாரத்தில் வீட்டார் ஒவ்வொருவரும் நான்காம் குவியலைப் புரட்டிப் பார்க்கட்டும். இரண்டாவது, பிரிக்க உட்காரும்போது வீட்டில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கதை வரும். அந்தக் கதையைக் கேட்பது வேலைக்கு இடையூறு என்று நான் நினைத்திருந்தேன். வேலையில் பாதி அதுவே என்று இப்போது நினைக்கிறேன்.

அடுக்களை கற்பிக்கும் பாடம்

மிஞ்சியதை எப்படி அடுக்குவது? அதற்கு நம் வீட்டு அடுக்களையைவிடச் சிறந்த ஆசான் இல்லை. அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள். கடுகும் சீரகமும் வெந்தயமும் நாள்தோறும் வேண்டுபவை; அவை அடுப்புக்கு அருகில், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கைக்கு அகப்படும்படி இருக்கின்றன. மாதத்துக்குரிய பருப்பும் அரிசியும் அலமாரி டப்பாவில். திருவிழாவுக்குரிய பெரிய பாத்திரம் பரணில். அழகுக்காக அவை அப்படி இருக்கவில்லை; எவ்வளவுக்கு அடிக்கடி வேண்டுமோ அவ்வளவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. புத்தகத்துக்கும் இதுவே முறை. இந்தப் பருவத்தில் படிப்பவை மேசையில், அவ்வப்போது புரட்டுபவை கைக்கெட்டும் தட்டில், அரிதாக வேண்டுபவை மேல்தட்டில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு மூடுகிறவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாத புத்தகம் இல்லாத புத்தகத்துக்குச் சமம்.

வைக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் சிறிது தள்ளி வைத்தால் காற்றோட்டம் இருக்கும். மழைக்காலத்து ஈரம் ஏறாது. கறையான் வந்தாலும் கண்ணில் படும். புத்தகங்களைச் சாய்த்து வைத்தால் முதுகு ஒடியும். நேராக நிறுத்துங்கள், மிகப் பெரியவற்றைப் படுக்க வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு இருளும் ஈரமும் பிடிக்கும். உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் வைப்பது நம் பழைய வழக்கம்; அதைவிட நல்ல மருந்து அடிக்கடி எடுத்துப் படிப்பது. மொட்டை மாடி வெயிலில் மணிக்கணக்காகக் காய வைக்காதீர்கள். பழந்தாள் மேலும் ஒடியும். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

குப்பையில் விளைந்த செல்வம்

“இப்படி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தால் வீடு காலியாகுமா? சேர்த்து வைக்கும் நோய்க்கு நீ நியாயம் கற்பிக்கிறாய்” என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அந்த நோயை நானும் கண்டிருக்கிறேன். படிக்காமல், பிறருக்கும் கொடுக்காமல், பூட்டி வைத்துப் பூச்சிக்கு இரையாக்குகிறவரும் புத்தகத்தை அழிப்பவரே. எரிப்பவர் ஒரு நாளில் அழிக்கிறார். இவர் இருபது ஆண்டில் அழிக்கிறார்.

ஆனால் சேர்ப்பதிலும் முறை உண்டு என்பதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா சான்று. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்த அவர், நூல்களோடு பழைய இதழ்கள், நாடகத் துண்டு விளம்பரங்கள், திருமண அழைப்புகள் என்று பிறர் கழித்தவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது அந்தச் சேர்க்கை ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளாக வளர்ந்திருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் அங்கே செல்கிறார்கள். யாரோ சில வீடுகளில் ‘இது எதற்கு?’ என்று வெளியே வைத்தவற்றிலிருந்து எழுந்த செல்வம் அது. வெளியே வைத்தது தவறு அன்று; அதை உரியவர் ஒருவர் வந்து எடுத்தார் என்பதே அங்கு நடந்த நன்மை. எல்லார் வாசலுக்கும் ரோஜா முத்தையா வரமாட்டார். உரியவரை நாமே தேட வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

பேசிக் கலைவதற்காக நான் இதை எழுதவில்லை. ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிந்து மூத்த மாணவர்கள் விடுதியைக் காலி செய்யும்போது நடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நடைக்கூடத்தில் பாடநூல்களும் தமிழ் நாவல்களும் கவிதைத் தொகுதிகளும் காற்றில் புரண்டுகொண்டிருக்கும். மறுநாள் காணாமற் போகும். அடுத்த பருவத்தில் புதிதாக வரும் தமிழ் மாணவர் ஒருவர், இந்த ஊரில் தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று நம்மிடமே கேட்பார்.

நம் சங்கத்துக்கு ஓர் அலமாரி போதும். ஒரு பதிவேடு போதும். ஏப்ரல் மாதம் முதல், அறையைக் காலி செய்யும் நண்பர்களிடம் நேரில் சென்று, ‘கொண்டு போக முடியாத புத்தகங்களை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்று கேட்போம். பெயரை எழுதுவோம், இரவல் கொடுப்போம், திரும்பி வந்ததா என்று பார்ப்போம். மிகுந்தவற்றை நகரத்துத் தமிழ் நூலகத்துக்கு அனுப்புவோம். செயற்குழு இதை ஏற்றுக்கொண்டால் முதல் ஆண்டுப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். 648 ரூபாய்க்கு அப்படியாவது கணக்குத் தீரட்டும்.

அடுத்து, பொங்கலுக்கு ஊர் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போகிக்கு ஒரு வாரம் முன்னதாகவே போக முடியாவிட்டாலும், அன்று காலையில் எதையும் வாசலுக்குக் கொண்டு போவதற்கு முன் தாயாரையோ பாட்டனாரையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, “இது யாருடையது?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

மீட்டு வந்த அந்த ஒரு தொகுதியை நான் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து முடித்துவிட்டேன். அம்மா ஊரிலிருந்து கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்துப் பால் கணக்கை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு தொகுதிகளிலும் என்ன கதை இருந்தது என்று சென்ற வாரம் கேட்டேன். ஒன்று நினைவிருக்கிறது என்றார்கள். மற்றொன்றின் பெயர் மறந்துவிட்டது என்றார்கள்.